மூன்றாவது முக்காற்புள்ளிக்குப் பின்

என் இடது கண் எந்த நாளில் போனது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. வலது கண் இரண்டுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் கவனிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் யட்டியாந்தோட்டையில் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வலது கண்ணில் தூசு விழுந்ததென்று கசக்கினேன். அந்த இரண்டு விநாடியில் ரோடும், ரப்பர் மரங்களும், முன் சீட்டில் இருந்த பெண்ணின் தலையும் பழுப்புத் தண்ணீருக்குள் முங்கிப்போயின. கையை எடுத்ததும் திரும்பி வந்தன. கொழும்பு போய்ச் சேரும்வரை வலது கண்ணை மூடுவதும் திறப்பதுமாகவே இருந்தேன்.

எனக்குச் சீனி வியாதி இருப்பது பல வருஷமாகத் தெரியும். அதற்குத் தந்த குளிசையை ஞாபகம் வந்தால் போடுவேன். கண் டொக்டர் என்னைத் திட்டவில்லை. எத்தனை வருஷமாகச் சீனி என்று கேட்டு எழுதிக்கொண்டார். கண்ணுக்குப் பின்னாலிருக்கும் திரையில் இரத்தம் கசிந்து படிந்துவிட்டது என்றும், இடது கண்ணுக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றும், வலது கண்ணைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றும் சொன்னார். இரண்டு முறை லேசர் அடித்தார்கள், ஒரு முறை வெட்டினார்கள். ஒன்றரை வருஷத்தில் வலது கண்ணிலும் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. முகத்துக்கு நேரே கையைப் பிடித்தால் கை என்று தெரியும். எழுத்து தெரியாது. அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று.

கொழும்பில் தங்கியிருந்த அறையைக் காலி செய்துவிட்டு யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் தோட்டத்துக்கே வந்தேன். என் மனைவி தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பாக இருக்கிறாள். தாய்மார் தேயிலைக் கொழுந்துக்கும் ரப்பர் பால்வெட்டுக்கும் போகும்போது கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுப்போவார்கள். அதனால் நான் வார நாட்களில் கொழும்பிலும் அவள் எப்போதும் தோட்டத்திலுமாக இருந்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் வேலை போய்விடவில்லை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கொம்பனியில் சொன்னார்கள். அதைச் சொன்னவள் எங்கள் குழுவின் தலைவி, சிங்களப் பெண், என்னைவிட ஆறேழு வயது இளையவள். அவள் எனக்கு அந்த நன்மையைச் செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் செய்த வேலையைத் தோட்டத்தில் யாருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. கொம்பியூட்டர் வேலை என்று சொன்னால் அதோடு விட்டுவிடுவார்கள். எங்கள் கொம்பனி வெளிநாடுகளில் தடுப்பூசியும் மருந்தும் வைக்கும் குளிர்பெட்டிகளுக்குக் கட்டுப்பாட்டுக் கருவி செய்து கொடுத்தது. அப்படி ஒரு கருவிக்குள்ளே மற்ற எல்லா மென்பொருளுக்கும் அடியில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். எந்த வேலை முதலில், எது பிறகு, எது காத்திருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். அதைக் கர்னல் என்போம். அந்தக் கருவியின் கர்னலில் பாதிக்கு மேல் நான் எழுதியது.

கர்னலில் பெரும்பகுதி மனிதர் படிக்கக்கூடிய மொழியில்தான் இருக்கும். சில இடங்களில் அது போதாது. சிப்போடு நேராக, அதன் சொந்தக் கட்டளைகளால் பேச வேண்டிவரும். அந்தக் கட்டளைகளை மேற்கோள் குறிக்குள் வைத்து நடுவில் சொருகுவோம். அதைத் திரும்பத் திரும்ப எழுதாமலிருக்க ஒரு பெயருக்குள் கட்டி வைப்போம். அதுதான் மேக்ரோ. ஒரு மேக்ரோ எத்தனை வரி நீண்டாலும் அதை ஒரே வரியாகத்தான் எடுக்க வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு சாய்கோடு போட வேண்டும். கட்டளைக்குப் பிறகு முக்காற்புள்ளிகளால் பிரித்த மூன்று பட்டியல்கள் வரும். சிப்பிலிருந்து வெளியே வருவது எது, உள்ளே போவது எது, இந்தக் கட்டளையால் கலைந்துபோவது எது. சதவீதக் குறி, சமன் குறி, அடைப்பு என்று கண் உள்ளவனுக்கே தலை சுற்றும்.

என் மேக்ரோக்கள் அதிலும் மோசம். ஒரு மேக்ரோவுக்குள் இன்னொன்றை வைப்பேன், அதற்குள் இன்னொன்று. இரண்டு பாதிப் பெயர்களை ஒட்டி ஒரு பெயர் உண்டாக்குவேன். பக்கத்தில் விளக்கம் ஒரு சொல்கூட எழுத மாட்டேன். படிப்பது கஷ்டம் என்று தெரிந்துதான் அப்படி எழுதினேன். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் இல்லாததால் நான் டவுனில் சிங்கள மொழியில் படித்து, அங்கிருந்து கொழும்புக்குப் போனவன். கொம்பனியில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெரிய பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள். மத்தியானம் சாப்பிடும்போது அவர்கள் பேசும் இங்கிலீசில் நான் சேர்ந்துகொள்ள முடியாது. ஆனால் நான் எழுதிய நிரலைத் திறந்தால் அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு குழுத் தலைவியான அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், நான் எழுதிய ஒரு மேக்ரோவைச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு வந்தது. இதை ஐந்தாறு சிறு துண்டாகப் பிரிக்கலாமா, ஒவ்வொரு பட்டியலிலும் இருப்பது ஏன் இருக்கிறது என்று பக்கத்தில் எழுதலாமா என்று பணிவாகத்தான் கேட்டிருந்தாள். இதைப் படிக்கத் தெரியாதவர்கள் கர்னலைத் தொட வேண்டியதில்லை என்று நான் எல்லாரும் பார்க்கும் இடத்தில் பதில் எழுதினேன். அவள் மேலே ஒன்றும் எழுதவில்லை. அன்று மாலை லிஃப்டில் என்னைக் கண்டபோது வழக்கம்போலச் சிரித்தாள்.

கண் போன பிறகு, திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருளைப் போட்டுக்கொண்டேன். மற்றவர்கள் எழுதிய நிரலைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஒரு மாதத்தில் பழகிவிட்டேன். நல்ல பெயர் வைத்து, சின்னச் சின்ன வரியாக எழுதியிருந்தால் அது ஒருவர் எதிரே உட்கார்ந்து சொல்லுவது மாதிரித்தான் இருக்கும். முக்கியமாகக் குழுத் தலைவி எழுதியது. என்னுடைய மேக்ரோக்களைக் கேட்க முடியவில்லை. குறிகளை விட்டுவிட்டு வாசிக்கச் சொன்னால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. குறிகளையும் சேர்த்து வாசிக்கச் சொன்னால் அந்த இங்கிலீசுக் குரல் மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போகும். ஏழாவது வரியில் நான் எந்த அடைப்புக்குள் இருக்கிறேன் என்று மறந்துபோகும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவேன்.

என் மனைவிதான் வாசித்துக் காட்டவா என்று கேட்டாள். ஐந்து மணிக்குப் பிள்ளைகளை எல்லாம் அனுப்பிவிட்டு வந்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டு என் பக்கத்தில் உட்காருவாள். உயர்தரம் பாஸ் பண்ணியவள், இங்கிலீசு எழுத்துக்கள் நன்றாகத் தெரியும். குறிகளின் பெயர்தான் தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கும் முன்பே அவளாகப் பெயர் வைத்துவிட்டாள். சாய்கோடு சரிஞ்ச கம்பு. சதவீதக் குறி ரெட்டை முட்டை. முக்காற்புள்ளி ரெண்டு புள்ளி. மெதுவாக, ஒரு குறிக்கும் அடுத்ததுக்கும் நடுவே நான் தலையாட்டும்வரை பொறுத்து வாசிப்பாள். அவள் குரலில் கேட்டால் எனக்கு இடம் தப்பவில்லை. ஏழெட்டு மாதம் அப்படித்தான் வேலை செய்தேன். கொம்பனியில் யாருக்கும் நான் அதைச் சொல்லவில்லை.

பிறகு குளிர்பெட்டிகள் நிற்கத் தொடங்கின.

எல்லாம் நிற்கவில்லை. எங்கேயோ ஒன்று, ஒரு வாரம் கழித்து வேறெங்கேயோ இன்னொன்று. நிற்பதுகூடப் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. கருவி உறைந்துபோன நேரத்தில் என்ன சூடு காட்டியதோ அதே எண் திரையில் இருக்கும். நாலு பாகை செல்சியஸ் என்று எழுதியிருக்கும், உள்ளே சூடேறிக்கொண்டிருக்கும். யாராவது கதவைத் திறந்து கையை விட்டால்தான் தெரியும். குழுத் தலைவி எனக்குப் போன் பண்ணினாள். கம்பைலரைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகுதான் இது தொடங்கியிருக்கிறது என்றாள். நாம் எழுதுவதைச் சிப்புக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தரும் மென்பொருள்தான் கம்பைலர். அது வேகத்துக்காகச் சில வரிகளை முன்பின்னாக நகர்த்தும். நகர்த்தக் கூடாத இடத்தில் நகர்த்தாதே என்று நாம்தான் சொல்லி வைக்க வேண்டும். அதைச் சொல்லும் இடம் மூன்றாவது முக்காற்புள்ளிக்குப் பின்னால் வரும் பட்டியல். அங்கே மெமரி என்ற ஒரு சொல்லைப் போட்டால் போதும்.

அவளுக்கு என்னுடைய ஒரு மேக்ரோவில் சந்தேகம். சிப்பை ஒரு கணம் வேறு எந்த அழைப்புக்கும் காது கொடுக்காமல் மூடி வைக்கும் மேக்ரோ அது. தானும் மூன்று முறை படித்ததாகவும், உள்ளே உள்ளே போய் எங்கே முடிகிறதென்று தன்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றும், தொடப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். நான் அதில் பிழை இருக்க வழியே இல்லை என்றேன். ஒன்பது வருஷமாக ஓடுகிறது என்றேன். நீங்கள் சரி என்றால் சரி அய்யே, ஆனால் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாள். அய்யே என்றால் சிங்களத்தில் அண்ணன்.

அன்று சாயந்தரம் நல்ல மழை. மனைவி நனைந்து வந்தாள். அவள் தலையைத் துவட்டி முடிப்பதற்குள் நான் மடிக்கணினியை மேசைக்கு இழுத்து வைத்துவிட்டேன். உட்கார்ந்து வாசித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக்கொண்டு வந்தேன். மேற்கோள், கட்டளை, மேற்கோள், சரிஞ்ச கம்பு. ரெண்டு புள்ளி, சமன், ஆர். பிறகு ரெண்டு புள்ளி, ரெண்டு புள்ளி, அடைப்பு மூடுது என்றாள்.

"மூனாவது ரெண்டு புள்ளிக்குப் பொறகு என்னா இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒன்னுமில்லங்க. அடைப்பு மூடுது."

"மெமரின்னு இருக்கும். நல்லா பாரு."

அவள் திரைக்குக் கிட்டக் குனிந்திருக்க வேண்டும், நாற்காலி கிறீச்சிட்டது. இல்லை என்றாள். நான் மறுபடி வாசிக்கச் சொன்னேன். மறுபடியும் அதையேதான் வாசித்தாள். ஒரு வரியைத் தாண்டிவிட்டாய் என்றேன். தாண்டவில்லை என்றாள். எனக்கு அந்தச் சொல் அந்த இடத்தில் இருப்பது மனசுக்குள் தெளிவாகத் தெரிந்தது. எழுத்தின் நிறம்கூடத் தெரிந்தது.

"இல்லாத ஒன்ன நான் எப்புடிங்க வாசிக்கிறது?" என்றாள்.

நான் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். "ரெண்டு எழுத்து ஒழுங்கா வாசிக்கத் தெரிஞ்சா நீ ஏன் பீத்துணி கழுவிக்கிட்டுக் கெடக்குற?" என்றேன்.

அவள் மடிக்கணினியை மேசையின் உட்பக்கமாக, நான் கை தட்டி விழுத்தாதபடி நகர்த்தி வைத்தது கேட்டது. பிறகு அடுப்படிக்குப் போனாள். சோறு போட்டுக் கொண்டுவந்து, எது எங்கே இருக்கிறதென்று வழக்கம்போலத் தட்டில் காட்டினாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் குழுத் தலைவிக்குப் போன் பண்ணி, பார்த்துவிட்டேன், மேக்ரோ சரி, வேறு எங்காவது தேடுங்கள் என்று சொன்னேன். அவள் நம்பினாள். நாலு நாள் வேறு எங்கெல்லாமோ தேடினார்கள். நாலாம் நாள் வெளிநாட்டில் ஏதோ ஒரு கிராமத்து மருத்துவ நிலையத்தில் இன்னொரு பெட்டி நின்றுபோயிருப்பது தெரியவந்தது. உள்ளே சூடேறியதை இரண்டு நாளாக யாரும் கவனிக்கவில்லை. உள்ளேயிருந்த எல்லாவற்றையும் வீச வேண்டியதாயிற்று. அதற்கு முன்பு அந்தப் பெட்டியிலிருந்து எடுத்து யாருக்காவது ஏற்றினார்களா என்பது எங்களுக்குச் சொல்லப்படவில்லை. போனில் இதைச் சொன்ன குழுத் தலைவியிடம் கேட்டேன். தெரியாது என்றாள்.

அந்தப் போனுக்குப் பிறகு நான் குரல் வாசிப்பை எழுத்தெழுத்தாக மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அம்புக்குறிச் சாவியை ஒரு தடவை அழுத்தினால் ஒரு எழுத்து. ஒரு மேக்ரோவுக்குள்ளிருந்து அடுத்ததற்குப் போய், அங்கிருந்து அடுத்ததற்குப் போய், கடைசி அடுக்குக்கு வரக் காலை முழுவதும் போயிற்று. முக்காற்புள்ளி. இடைவெளி. முக்காற்புள்ளி. இடைவெளி. வலது அடைப்பு. பின்னால் வந்து மறுபடி முன்னால் போனேன். எத்தனை தடவை போனேனென்று தெரியாது. ஒன்றுமே இல்லை. சிப்பைத் திறந்துவிடும் மற்ற மேக்ரோவில் அந்தச் சொல்லை எழுதியிருந்தேன். மூடும் மேக்ரோவில் எழுதவே இல்லை. பழைய கம்பைலர் அந்த இடத்தில் எதையும் நகர்த்தாததால் ஒன்பது வருஷம் தப்பியிருக்கிறது. என் மனசில் நிறத்தோடு தெரிந்த சொல் மற்ற மேக்ரோவில் இருந்த சொல்.

பிரித்து, பக்கத்தில் ஏன் என்று எழுதுங்கள் என்று குழுத் தலைவி அன்று கேட்டிருந்ததும் இதே மேக்ரோதான். எழுத உட்கார்ந்திருந்தால் மூன்றாவது பட்டியலுக்கு வந்ததும் எழுத ஒன்றுமில்லாமல் நின்றிருப்பேன், பிழையைக் கண்டிருப்பேன். இதை நான் போனில் அவளிடம் சொன்னேன். அவள் பழைய விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் உங்கள் பெயரைப் போடலாமா, அல்லது குழு என்று போடவா என்று மட்டும் கேட்டாள். பெயரைப் போடச் சொன்னேன்.

அன்று சாயந்தரம் மனைவி வந்ததும், நீ வாசித்ததுதான் சரி, நான் சொன்னது பெரிய தப்பு, மன்னித்துக்கொள் என்றேன். "சரிங்க" என்றாள். கோபம் இல்லாத குரல். நான் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். வெளியே போய்க் கோழிகளை அடைத்தாள். பிறகு இரண்டொரு தரம் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். பிள்ளைகளை நிறுத்த கணக்கைக் கொப்பியில் எழுத இருக்கிறது என்றாள், துணி தோய்க்க இருக்கிறது என்றாள். எல்லாம் உண்மையான வேலைகள்தான். மூன்றாவது தரத்துக்குப் பிறகு நான் கேட்கவில்லை.

பிழையைத் திருத்த ஒரு சொல் போதுமாக இருந்தது. பெட்டிகள் நிற்பதும் நின்றது. ஆனால் என்னால் அதோடு விட முடியவில்லை. என் மேக்ரோக்கள் எல்லாவற்றையும் பிரித்து எழுத அனுமதி கேட்டேன். ஒன்றுக்குள் ஒன்று கிடையாது. ஒவ்வொன்றும் தனிச் செயல், ஒரு வரிக்கு ஒரு கட்டளை, ஒவ்வொரு பட்டியலுக்கும் இது ஏன் இருக்கிறது, இல்லையென்றால் ஏன் இல்லை என்று ஒரு முழு வாக்கியம். ஏழு மாதம் பிடித்தது. கண்ணுள்ள காலத்தில் ஒரு காலைப் பொழுதில் எழுதியதைப் பிரிக்க ஒரு வாரம் ஆயிற்று. எழுதியதைக் குரலில் கேட்டுப் பார்ப்பேன். எங்கே இடம் தப்புகிறதோ அங்கே மறுபடி பிரிப்பேன். நான் அதுவரை எழுதியதிலேயே அதுதான் நல்ல நிரல். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அந்த ஏழு மாதத்தில் வலது கண்ணில் மிஞ்சியிருந்த நிழலும் போயிற்று. காலையில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முகத்தில் படும் காற்றை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

வேலை முடிந்து அனுப்பி மூன்று வாரம் ஆகியிருக்கும். குழுத் தலைவி மத்தியானத்தில் போன் பண்ணினாள். அறிக்கையைப் படித்த வாடிக்கையாளர்கள் எங்கள் கர்னலை வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். அடுத்த கருவியிலிருந்து கொம்பனி வெளியே வாங்கும் வேறொன்றைப் போடப் போகிறதாம். நான் அனுப்பியதை அவள் முழுவதும் படித்ததாகச் சொன்னாள். ஒரே மூச்சில் படித்தேன் அய்யே, ஒரு இடத்திலும் நிற்கவில்லை என்றாள். ஆனால் அதைப் போட இனி நம் கர்னலில் ஓடும் கருவியே வராது என்றாள். நான்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

மறுநாள் கொம்பனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அந்த இங்கிலீசுக் குரல் அதை வாசித்தது. தெளிவான, சின்ன வாக்கியங்கள். ஒரு தடவை கேட்டதும் எல்லாம் விளங்கியது. மாதக் கடைசியோடு எனக்கு வேலை இல்லை.

மனைவி வந்ததும் சொன்னேன். அவள் நின்றுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பிறகு கட்டில் சட்டம் முனகியது. இனி என்ன செய்யப் போறீங்க என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். ரோட்டில் கொழுந்து லொறி ஏறிப் போனது. அழுகிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். கையை நீட்டி முகத்தைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். எனக்குத் துணிவு வரவில்லை.

இப்போது இரண்டு வருஷமாகிறது. வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு இடத்தில் போனில் பேசினார்கள், பேச்சு நன்றாகத்தான் போயிற்று, கண்ணைப் பற்றிச் சொன்னதும் பிறகு அறிவிப்பதாகச் சொன்னார்கள். குழுத் தலைவியும் அந்தக் கொம்பனியை விட்டு வெளிநாடு போய்விட்டாள். பகலில் வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். மனைவி காலை ஆறரைக்குப் போகும் முன் சுடுதண்ணிப் போத்தலை மேசையின் வலது மூலையில் வைத்து, குளிசைகளைப் பிரித்து ஒரு மூடியில் போட்டு வைப்பாள். எதையும் அவள் குறை வைப்பதில்லை. பேசுவதும் பேசுகிறோம், சாப்பாடு, மழை, பிள்ளைக் காம்பராவில் யாருக்குக் காய்ச்சல் என்று. போன மாதம் ஒரு நாள் அவளுடைய மேலதிகாரியிடமிருந்து இங்கிலீசில் ஒரு கடிதம் வந்தது. அதை என்னிடம் வாசித்துக் காட்டாமல், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டி அர்த்தம் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.